பாடசாலையில் முளைத்த தொழிற்சாலைகள்



சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது மண்டபத்தில் எழுந்த சலசலப்பை வந்திருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வகுப்புகள் நடக்கும் கட்டடத்தின் வாடகை கூடிவிட்டது. பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது. பெற்றோர் செலுத்தும் கட்டணம் வாடகைக்கே காணாது. கும்பாபிஷேக நிதியில் பணம் இருக்கிறதே, அதில் கொஞ்சத்தை எடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். சுவாமிக்கென்று கொடுத்த காசில் கை வைப்பதா என்று இன்னொருவர் எழுந்தார். கடை நடத்தும் அன்பர் ஒருவர், முன்பெல்லாம் மலருக்கு விளம்பரம் கேட்டவுடன் தந்தோம், இப்போது பெரிய சுப்பர்மார்க்கெட்டிலேயே முருங்கைக்காயும் பச்சைமிளகாயும் விற்கிறான், எங்களிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டு அமர்ந்தார். அன்று தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

கோயில், பாடசாலை, கடை ஆகிய மூன்றின் கஷ்டமும் ஒரே கஷ்டந்தானா, இவை ஒன்றையொன்று தாங்க முடியுமா என்பதை ஆராய்ந்து எழுதும்படி பரிபாலன சபையினர் கல்வி உபகுழுவாகிய எம்மைப் பணித்தனர். பல ஊர்களின் அனுபவங்களைப் படித்தோம். அவற்றுள் எம்மை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டது ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழும் மலைப்பகுதியிலுள்ள மொந்திராகோன் என்ற சிறு பட்டினத்தின் கதை. பாஸ்க் மொழியில் அதன் பெயர் அராசாத்தே.

ஒரு குருவும் ஒரு பூட்டுத் தொழிற்சாலையும்

1936 தொடக்கம் 1939 வரை ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தது. தோற்றவர்களுள் பாஸ்க் மக்களும் அடங்குவர். அதன் பின் பிராங்கோவின் ஆட்சியில் அவர்களுடைய மொழி பாடசாலையிலும் அலுவலகத்திலும் ஒடுக்கப்பட்டது. 1941 பெப்ரவரியில் 25 வயதுடைய கத்தோலிக்க குரு ஒருவர் இப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். பெயர் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா. நீளம் கருதி நாம் அரிஸ்மெந்தி என்றே எழுதுவோம். சிறு வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். போர்க்காலத்தில் பாஸ்க் மொழிப் பத்திரிகையில் வேலை செய்ததற்காகச் சிறைப்பட்டு உயிர் தப்பியவர். அவருடைய பிரசங்கம் விளங்குவதில்லை என்று ஊரார் குறைப்பட்டுக்கொண்டார்களாம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் ஊருக்கு ஏதாவது செய்வார் என்ற எண்ணம் எம்மிடையே பலமாக இருப்பதால் இதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

அப்பட்டினத்தில் பத்தாயிரத்துக்கும் குறைவான மக்களே இருந்தனர். பெரிய தொழில் என்று இருந்தது 1906இல் தொடங்கிய ஒரு பூட்டு, உலோகத் தொழிற்சாலை. அது தனக்கென ஒரு தொழிற்பயிற்சிப் பாடசாலையையும் நடத்திற்று. ஆனால் அதில் இடம் சிலருக்கே கிடைத்தது. மற்றப் பிள்ளைகளையும் சேர்க்கும்படி குரு கேட்டபோது முகாமை மறுத்துவிட்டது. எனவே அவர் ஊராரிடம் போனார். தெரு மூலைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒரு தொழிற்பாடசாலை தொடங்கினால் பணமாகவோ வேறு வகையிலோ என்ன தருவீர்கள் என்று எழுதிப் போடும்படி மக்கள் கேட்கப்பட்டனர். ஏறக்குறைய 600 பேர் எழுதிப் போட்டார்கள். 1943 ஒக்டோபரில் சுமார் 20 மாணவர்களுடன் பாடசாலை திறக்கப்பட்டது.

பெட்டியில் விழுந்தது உடனடிக் காசன்று, வாக்குறுதி. நாம் உண்டியலை வைக்கிறோம், விழுந்ததை எண்ணுகிறோம், அடுத்த மாதம் எவ்வளவு விழும் என்று எமக்குத் தெரியாது. அவர்களோ பாடசாலையைத் திறக்கு முன்பே தாங்குபவர்கள் யார், எத்தனை பேர், என்ன தருவார்கள் என்பதை அறிந்திருந்தார்கள். பின்னர் 1948இல் கல்விக்கான ஒரு கழகம் அமைத்தபோது தனிப்பட்ட ஆதரவாளர்களுக்கு மட்டுமன்றி உள்ளூர்த் தொழில் நிறுவனங்களுக்கும் நகரசபைக்கும் அதில் இடமளித்தனர். பணம் தருபவர் பார்வையாளராக இருக்கவில்லை. நிருவாகத்தில் பங்குடையவராக இருந்தார்.

மாணவர்கள் முதலாளிகளான விதம்

இப்பாடசாலையில் தேறிய முதல் அணியினரில் பதினொருவர் பகலில் வேலை செய்துகொண்டே சரகோசா பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளை வெளிவாரியாக எழுதிப் பொறியியல் தகைமை பெற்றனர். பூட்டுத் தொழிற்சாலை தனது பங்குகளைத் தொழிலாளருக்கும் திறந்துவிட வேண்டும் என்று அவர்களிற் சிலர் கேட்டுப் பார்த்தனர். அதுவும் மறுக்கப்பட்டது. ஐவர் வேலையை விட்டு வெளியே வந்தனர். ஊரார் சுமார் நூறு பேர் அவர்களை நம்பிக் கடன் கொடுத்தனர். அப்போது என்ன செய்யப் போகிறார்கள் என்பதே சரியாக முடிவாகியிருக்கவில்லை. 1956இல் மொந்திராகோனில் அவர்களின் சிறு தொழிற்சாலை எழுந்தது. ஐவரின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்து 'உல்கோர்' என்று பெயரிட்டார்கள். முதலில் செய்தது மண்ணெண்ணெய் அடுப்பு. பின்னர் எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி என்று வளர்ந்தது.

அதன் ஒழுங்குகள் எளியவை. வேலை செய்பவரே உறுப்பினர். முகாமையாளருக்கும் ஒரு வாக்கு, கூட்டுபவருக்கும் ஒரு வாக்கு. சேரும்போது ஒரு தொகையைக் கட்ட வேண்டும். கையில் இல்லாவிடின் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கலாம். அதியுயர் சம்பளம் அதிகுறைந்த சம்பளத்தின் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. காலப்போக்கில் அது ஆறு மடங்கு வரை தளர்ந்தது. இலாபத்தில் ஒரு பகுதி ஒதுக்கு நிதிக்கு. குறைந்தது பத்திலொன்று கல்வி, சமூகப் பணிகளுக்கு. மிகுதி ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள மூலதனக் கணக்குக்குப் போகும். ஆனால் விலகும்போதோ இளைப்பாறும்போதோதான் அதனை எடுக்கலாம். அதுவரை அப்பணம் தொழிலுக்குள்ளேயே சுழலும்.

இவ்வொழுங்கை எமது உபகுழுவில் வாசித்தபோது, இது எங்கள் ஊர்ச் சங்கக்கடை போன்றதுதானே என்றார் ஒருவர். ஓரளவு சரி. யாழ்ப்பாணத்தில் சங்கக்கடைக்கும் ஐக்கிய நாணயச் சங்கத்துக்கும் பழகியவர்களுக்குக் கூட்டுறவு புதுச்சொல் அல்ல. ஆயினும் எமது பெரும்பாலான சங்கங்கள் பொருளை வாங்கி விற்பதற்கும் கடன் கொடுப்பதற்கும் எழுந்தவை. மொந்திராகோனில் வேலையையே கூட்டுறவாக்கினார்கள்.

புத்தகமா, பெட்டியா?

1959இல் அரிஸ்மெந்தி ஓர் ஆலோசனையைக் கொண்டு வந்தார்: நாமே ஒரு வங்கி தொடங்க வேண்டும். அடுப்புச் செய்யவே இப்போதுதான் பழகுகிறோம், வங்கியா என்று நிறுவுனர்களே தயங்கினார்கள். அவர் விடவில்லை. அவ்வாறு பிறந்ததே 'காஹா லபொரால்' என்னும் தொழிலாளர் சேமிப்பு வங்கி. மக்களைச் சேமிக்கத் தூண்ட அவர்கள் கையாண்ட சுலோகம் இரண்டே பொருள்களைப் பற்றியது: வங்கிப் புத்தகமா, பயணப் பெட்டியா? சேமித்தால் இங்கேயே வேலை உண்டாகும். இல்லாவிடில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களாகிய எமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த வங்கி பணத்தை வைத்திருந்து கேட்டவருக்குக் கொடுக்கும் வேலையோடு நிற்கவில்லை. புதிய தொழில் தொடங்க ஒரு குழுவினர் வந்தால் முதலில் அவர்களுக்குள் நம்பிக்கை உண்டா என்று பார்க்கும். பின் அவர்களுள் முகாமையாளராகப் போகிறவரைத் தன்னிடமே வைத்து, சந்தை, விலை, இயந்திரம், ஆள் என்று நீண்ட காலம் ஆராயச் செய்யும். அவருக்குத் துணையாக வங்கியிலிருந்து அனுபவசாலி ஒருவரை 'ஞானத்தந்தை' என்ற பெயரில் அமர்த்தும். திட்டம் தேறிய பின்பே கடன். தொழில் நொடித்தால் அதனைத் திருத்தியமைக்கவும் அதே பிரிவினர் வருவார்கள். எம்மவரிடையேயும் சீட்டுப் பிடித்தே பலர் கடை திறந்தார்கள். அதன் அருமையைக் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் சீட்டுக்காசு கைக்கு வந்ததும் அதை எதில் போடுவது என்று சொல்லித்தர ஆளில்லை. ஒரே வீதியில் ஒன்பதாவது தமிழ்க் கடையைத் திறக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு ஞானத்தந்தை இருந்திருந்தால் சில குடும்பங்களின் வீடு தப்பியிருக்கும் என்பது எமது எண்ணம்.

அரசு அவர்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்று வகைப்படுத்திப் பொதுச் சமூகக் காப்புறுதியிலிருந்து விலக்கியபோது, நோய்க்கும் முதுமைக்குமென 'லகுன் ஆரோ' என்ற தமது காப்பு நிதியை அமைத்தனர். 1966இல் மாணவர்கள் அரைநாள் படித்து அரைநாள் உழைக்கும் 'அலெகொப்' என்ற தொழிற்சாலை வந்தது. ஏழைப் பிள்ளை படிப்பை இடையில் விட வேண்டியதில்லை. 1974இல் ஓர் ஆய்வு நிலையம். 1997இல் பழைய தொழிற்பாடசாலையும் வேறு கல்லூரிகளும் சேர்ந்து பல்கலைக்கழகமாயின.

கடைக்காரர் கவனத்துக்கு

1969இல் அப்பகுதியில் தனித்தனியே தடுமாறிக்கொண்டிருந்த சிறு நுகர்வோர் கூட்டுறவுக் கடைகள் சில ஒன்றுசேர்ந்து 'எரோஸ்கி' என்ற பெயரில் இயங்கத் தொடங்கின. வேலை செய்பவரும் வாங்குபவரும் இருசாராரும் அதில் உறுப்பினர். பின்னர் அது ஸ்பெயினின் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஒவ்வொரு கடையும் தனித்தனியே மொத்த வியாபாரியிடம் போனால் சிறிய வாடிக்கையாளர். சேர்ந்து போனால் விலை பேச முடியும். எமது கடைக்காரர் ஐவர் அரிசியையும் பருப்பையும் ஒரே இறக்குமதியாளரிடம் ஐந்து தடவை பேசி ஐந்து விலைக்கு வாங்குவதை நாம் அறிவோம். ஒரு எச்சரிக்கை: கூட்டாக வாங்குவது வேறு, இன்ன விலைக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று கூட்டாகத் தீர்மானிப்பது வேறு. பின்னது பிரித்தானியாவில் போட்டிச் சட்டத்துக்கு முரணானது. கூட்டாக வாங்கும் ஏற்பாட்டையும் தொடங்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது.

சறுக்கிய இடங்கள்

இதுவரை வாசித்தவர்கள், எல்லாம் பாலும் தேனுமாக இருக்கிறதே என்று நினைக்கலாம். அப்படியல்ல. 1974இல் உல்கோரில் வேலைநிறுத்தம் நடந்தது. தமக்குத் தாமே முதலாளியானவர்கள் யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது? வேலைகளைத் தரம்பிரித்த முறையே பிரச்சினை. 17 பேர் வெளியேற்றப்பட்டனர். சில ஆண்டுகளின் பின் அவர்கள் திரும்பிவர வழி செய்யப்பட்டது. ஆள் தொகை ஆயிரக்கணக்கில் பெருகியபோது ஆளுக்கொரு வாக்கு மட்டும் போதவில்லை என்பதை அந்தப் பட்டினம் அன்று கண்டுகொண்டது.

1980களில் பாஸ்க் பகுதியின் பழைய உருக்கு, கப்பல் தொழில்கள் சரிந்தன. வேலையற்றோர் விகிதம் 20 வீதத்தைத் தாண்டிற்று. கூட்டுறவுகளில் உறுப்பினர்கள் கூடி வாக்களித்துத் தம் சம்பளத்தைத் தாமே குறைத்துக்கொண்டனர். ஒரு தொழிற்சாலையில் மிகையானவர் வேறொரு கூட்டுறவுக்கு மாற்றப்பட்டார். இவ்விதம் பெரும்பாலான வேலைகள் காப்பாற்றப்பட்டன. 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தபோது இறக்குமதி வரி என்ற வேலி விழுந்தது. அந்த வேலிக்குள் வளர்ந்தமையும் அவர்களின் வெற்றிக்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக்கூடாது. எமது கடைகளுக்கு அப்படியொரு வேலி என்றுமே இருந்ததில்லை. 1991இல் கூட்டுறவுகள் ஒரே கூட்டுத்தாபனமாக இணைந்தன.

பெரிய அடி 2013இல் விழுந்தது. உல்கோரின் வழிவந்த 'பகோர்' வீட்டுச் சாதன நிறுவனம் 2005இல் பிரான்சின் 'பிராண்ட்' நிறுவனத்தைக் கடன்பட்டு வாங்கியிருந்தது. 2008இல் வீடு கட்டும் தொழில் ஸ்பெயினில் இடிந்து விழுந்தது. புது வீடு இல்லையேல் புது அடுப்பும் இல்லை. ஆசியாவிலிருந்து மலிவுப் பொருள்கள் வந்து குவிந்தன. மற்றக் கூட்டுறவுகள் பல தடவை பணம் கொடுத்துத் தாங்கின. 2013இல் மேலும் கேட்டபோது, இனிக் கொடுத்தால் நாமும் சேர்ந்து மூழ்குவோம் என்று கையை விரித்தன. ஏறக்குறைய 5,600 பேர் வேலை செய்த நிறுவனம் வங்குரோத்தானது. பாஸ்க் பகுதியின் உறுப்பினர்களில் மிகப் பலருக்கு வேறு கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. ஆனால் பிரான்சிலும் போலந்திலும் வேலை செய்தவர்கள் உறுப்பினர்கள் அல்லர், வெறும் ஊழியர்கள். அவர்களுக்கு அந்தக் கை நீளவில்லை. நிறுவனத்தை நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்த இளைப்பாறியவர்கள் பலர் அப்பணத்தை இழந்து வீதியில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தனர்.

இவ்விடத்தில் எமது உபகுழு இரண்டாகப் பிரிந்ததை ஒளிக்கவில்லை. தாய்த் தொழிற்சாலையையே கைவிட்டவர்களிடம் என்ன படிப்பது என்றனர் சிலர். மற்றவர்கள், ஒரு கிளையைக் காக்க மரத்தையே வெட்டாமல் விட்டார்களே, அதுதான் படிக்க வேண்டியது என்றனர். நாம் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை. 2022இல் 'ஒரோனா', 'உல்மா' என்ற இரு பெரிய கூட்டுறவுகள் வாக்கெடுத்துக் கூட்டுத்தாபனத்திலிருந்து விலகின. ஆகவே அங்கேயும் வாதம் முடியவில்லை. இருப்பினும் சுமார் 70,000 பேர் இன்றும் அக்கூட்டுத்தாபனத்தில் வேலை செய்கின்றனர்.

எமது பாடசாலைக்குத் திரும்பினால்

பாஸ்க் மொழியில் கற்பிக்கும் பாடசாலைகளை 'இகஸ்தோலா' என்பர். பிராங்கோ காலத்தில் அவற்றிற் பல ஒளிவுமறைவாக நடந்தன, 1960களில் பெருகின. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த கூட்டுறவாகவே பல இகஸ்தோலாக்கள் அமைந்தன. மொந்திராகோன் கூட்டுத்தாபனத்திலும் அப்படியொரு பாடசாலை உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பெற்றோருக்கும், அப்பாடசாலையின் கணக்கை வாசித்து வாக்களிக்கும் பெற்றோருக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிகிறது. எமது பாடசாலையில் பெற்றோருக்கு இன்று வாக்கு இல்லை. ஆலய அங்கத்தவராயின் பொதுக்கூட்டத்தில் வாக்கு. இல்லையேல் கட்டணம் மட்டும். பிள்ளைகளின் தொகை குறைவதற்கு இதுவும் காரணமா என்று நாம் ஆராய்ந்ததில்லை.

இனி, அன்று சர்ச்சைக்குள்ளான நிதி. இந்நாட்டின் அறக்கொடைச் சட்டப்படி, கும்பாபிஷேகத்துக்கென்று கேட்டு வாங்கிய பணத்தைச் சபை தன் விருப்பப்படி பாடசாலைக்குத் திருப்ப முடியாது. அன்று கோபமாக எழுந்தவர் சொன்னது சட்டப்படியும் சரியே. ஆனால் பொது நன்கொடை என்று எந்த நோக்கமும் குறிக்காமல் வந்த பணத்தைச் சங்கத்தின் யாப்புக்குட்பட்டுக் கல்விக்கும் செலவிடலாம். எமது யாப்பில் தமிழ்க் கல்வி ஒரு நோக்கமாகவே எழுதப்பட்டுள்ளது. கணக்கைப் பார்த்தபோது ஒன்றைக் கண்டோம். திருவிழாக் காலத்தில் வரும் தொகையில் கணிசமானது என்ன நோக்கத்துக்கு என்று பற்றுச்சீட்டில் எழுதப்படாமலே பதியப்பட்டிருக்கிறது. கொடுத்தவரும் சொல்லவில்லை, எழுதியவரும் கேட்கவில்லை.

ஆகவே நாம் சபையிடம் கேட்டுக்கொண்டது பெரிய திட்டம் அல்ல. பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் 'தமிழ்ப் பாடசாலை' என்று தனித் தலைப்பு அச்சிடப்பட வேண்டும். பாடசாலைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மாதம் எவ்வளவு தருவீர்கள், அல்லது எத்தனை மணி நேரம் கற்பிப்பீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும். தெரு மூலைப் பெட்டிக்குப் பதில் தபால் உறை. எழுதித் தரும் பெற்றோருக்கும் கடைக்காரருக்கும் பாடசாலைக் குழுவில் வாக்குரிமை வேண்டும். அங்கத்தவரின் வியாபாரத்துக்கு ஆலயப் பணத்திலிருந்து கடன் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டனர். கூடாது என்பதே எமது கருத்து. அடியார் காசை வியாபார ஆபத்தில் போடுவதற்கு ஆலயச் சபை உரிய இடமல்ல. அவ்வாறு சேமித்துக் கடன் கொடுக்க விரும்புவோர், இந்நாட்டில் சட்டப்படி பதிவு செய்து கண்காணிப்புக்குட்பட்டு இயங்கும் கடன் சங்கங்களில் ஒன்றில் சேரலாம்.

வாக்குறுதிப் படிவம் இவ்விதழுடன் இணைக்கப்பட்டுள்ளது. பொங்கலுக்குப் பின்வரும் பொதுக்கூட்டத்துக்கு முன் நிரப்பி அனுப்புங்கள். கூட்டத்துக்கு வரும்போது சென்ற ஆண்டுத் திருவிழாப் பற்றுச்சீட்டு கையில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். உங்கள் பணம் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொருளாளருடன் இருந்து பார்த்துத் திருத்திக்கொள்ள அன்று ஒரு மேசை போடப்படும்.

கல்வி உபகுழு